பங்குக்கு 140, 230, 410: ரியல் எஸ்டேட் கம்பெனியின் மதிப்பு இதில் எது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனியின் பங்கு உங்களிடம் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் சொத்திலிருந்து கடனைக் கழித்து, பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பங்குக்கு 140 ரூபாய் வருகிறது. கம்பெனி முதலீட்டாளர்களுக்குப் போட்டுக் காட்டிய ஸ்லைடில் 'ஃபேர் வேல்யூ'ப்படி, அதாவது சொத்தை இன்று விற்றால் கிடைக்கும் விலைப்படி, 410 என்று இருக்கிறது. சந்தையில் 230க்குக் கைமாறுகிறது. மூன்றில் எது உண்மை, கடனையும் ஃபேர் வேல்யூவில் போட்டால் 410 இன்னும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அந்தக் கடைசிப் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சொத்தை ஒரு கோலால் அளந்து, கடனை வேறொரு கோலால் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் மீதியை நம்பலாமா? நீங்கள் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சென்னையில் ஆடிட்டர். இருபது வருடத்துக்கு மேலாக அடுக்குமாடி கட்டி விற்பவர்கள், ஐ.டி. கட்டடங்களை வாடகைக்கு விடுபவர்கள் என்று இந்தத் துறையின் கணக்குகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நிலத்துக்கு விலை போடுவது என் வேலை இல்லை. விலை போட்டவர் கொடுத்த ரிப்போர்ட்டைக் குடைந்து கேள்வி கேட்பதுதான் என் வேலை. கம்பெனியின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் 140. இதில் சந்தேகம் குறைவு. வாடகைக்கு விடவோ, விலை ஏறட்டும் என்றோ வைத்திருக்கும் நிலத்தையும் கட்டடத்தையும் இந்தியக் கணக்கு விதிகளில் (இண்ட் ஏஎஸ்) 40ஆம் எண் 'முதலீட்டுச் சொத்து' என்று தனியாகப் பிரிக்கிறது. இதற்கு மூலமான சர்வதேச விதி ஐஏஎஸ் 40, அடக்க விலையில் வைப்பதா ஃபேர் வேல்யூவில் வைப்பதா என்பதைக் கம்பெனியின் விருப்பத்துக்கே விடுகிறது. இந்தியா அந்த விருப்பத்தைக் கொடுக்கவில்லை. இங்கே அடக்க விலை மட்டும்தான். கட்டடத்துக்கு வருடா வருடம் தேய்மானம் கழிய வேண்டும். ஃபேர் வேல்யூ எவ்வளவு என்பதைப் பின்னால் குறிப்பில் சொல்ல வேண்டும், அதுவும் கட்டாயம். கான்கிரீட் சட்டகக் கட்டடத்துக்குக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 60 வருட ஆயுள் கொடுக்கிறது. ஆக, 2004இல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏக்கர் கணக்கில் வாங்கிப் போட்ட நிலம் அன்றைய பத்திர விலையிலேயே உட்கார்ந்திருக்கும். அதன்மேல் நிற்கும் கட்டடம், வாடகை ஏற ஏற, புத்தகத்தில் இளைத்துக்கொண்டே போகும். 140 என்பது பொய் இல்லை. கம்பெனி கையிலிருந்து எவ்வளவு போட்டது என்பதன் கணக்கு அது, அவ்வளவுதான்.

இதே கம்பெனியிடம் விற்பதற்காகக் கட்டும் ஃப்ளாட்டுகள் இருந்தால் அவை முதலீட்டுச் சொத்து ஆகாது. மளிகைக் கடையின் அரிசி மூட்டை மாதிரி, அவை சரக்கு. இண்ட் ஏஎஸ் 2 சொல்வது: அடக்கம் எவ்வளவு, விற்றால் செலவு போகக் கையில் நிற்பது எவ்வளவு, இரண்டில் எது குறைவோ அதைப் போடு. விலை ஏறினால் விற்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அடக்கத்துக்குக் கீழே போனால் உடனே காட்டியாக வேண்டும். கம்பெனி தானே உட்கார்ந்து வேலை செய்யும் தலைமை அலுவலகம் மூன்றாவது ரகம். அதற்கு இண்ட் ஏஎஸ் 16 மறுமதிப்பீட்டை அனுமதிக்கிறது. ஒரே தெருவில், ஒரே கம்பெனியின் மூன்று மனைகள் மூன்று விதமாகக் கணக்கில் ஏறலாம். அதனால் 410 என்ற ஸ்லைடைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, இந்த மூன்றில் எதையெல்லாம் அவர்கள் உயர்த்திப் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். கட்டி முடித்து வாடகை வரும் கட்டடத்தை மட்டும் உயர்த்தியிருந்தால் ஒரு கதை. இன்னும் அஸ்திவாரம் தோண்டாத நிலத்தில் எத்தனை மாடி கட்டலாம் என்று கணக்குப் போட்டு உயர்த்தியிருந்தால் வேறு கதை.

அப்புறம் அந்த 410 எப்படிப் பிறக்கிறது என்று ஒரு கட்டடத்தை வைத்துப் பார்த்துவிடலாம். செலவெல்லாம் போக வருடத்துக்கு 12 கோடி வாடகை வரும் அலுவலகக் கட்டடம். இந்த மாதிரிக் கட்டடத்தில் பணம் போடுகிறவர் 8 சதவீத வருமானம் எதிர்பார்ப்பார் என்று வேல்யூவர், அதாவது சொத்துக்கு விலை போடுகிறவர், எடுத்துக்கொண்டால் மதிப்பு 12ஐ 0.08ஆல் வகுத்து 150 கோடி. இந்த 8ஐத்தான் துறையில் கேப் ரேட் என்பார்கள். ரிப்போர்ட்டில் பத்து வருட வரவு செலவை விரித்து, அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, கடைசி வருடத்துக்கு மட்டும் கேப் ரேட் போட்டிருப்பார்கள். பக்கம் கூடுமே தவிர அடிப்படை இதுதான். இப்போது 8க்குப் பதில் 7.5 என்று எடுத்தால் மதிப்பு 160 கோடி. 8.5 என்று எடுத்தால் 141 கோடி சொச்சம். கட்டடத்தில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. இதன்மேல் 90 கோடி கடன் இருந்தால் பங்குதாரருக்கு மிஞ்சுவது முதல் கணக்கில் 60, இரண்டாவதில் 70, மூன்றாவதில் 51. அரை சதவீதம் இப்படி அப்படிப் போனதற்கு, உங்கள் பங்கின் மதிப்பு ஒரு பக்கம் 17 சதவீதம் ஏறுகிறது, மறுபக்கம் 15 சதவீதம் இறங்குகிறது. 7.5 சரியா 8.5 சரியா என்று என்னைக் கேட்டால், இரண்டையும் நியாயப்படுத்தி எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகளில் நான் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டுமே மோசடி இல்லை.

ஃபேர் வேல்யூ என்றால் என்ன என்பதில் குழப்பம் இல்லை. இண்ட் ஏஎஸ் 113 தெளிவாகச் சொல்கிறது: அளவீட்டு நாளில், அவசரமோ கட்டாயமோ இல்லாமல், விஷயம் தெரிந்த இருவருக்குள் விற்றால் கிடைக்கும் விலை. அந்த விலைக்கு ஆதாரம் எவ்வளவு கெட்டியானது என்பதை வைத்து மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். தினமும் வர்த்தகமாகும் பங்கின் விலை முதல் படி. கண்ணால் பார்க்கக்கூடிய மற்ற சந்தைத் தகவலை வைத்துக் கணிப்பது இரண்டாவது. வேல்யூவரின் சொந்த அனுமானங்கள்மேல் நிற்பது மூன்றாவது. நம் ஊர்க் கட்டடங்கள் பெரும்பாலும் மூன்றாம் படியில்தான் இருக்கும். ஆண்டறிக்கையில் 'மூன்றாம் நிலை' என்று ஒரு வரியில் அடங்கிவிடுகிற இந்த விஷயத்தைப் பலர் படிப்பதே இல்லை.

கைடுலைன் வேல்யூவை வைத்துச் சரிபார்த்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் அளவு. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு கைடுலைன் வேல்யூவை ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தது. மறுநாள் காலையில் வேளச்சேரியில் யாரும் மனையை மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்கவில்லை.

மூன்றாம் படியில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். நெடுஞ்சாலையை ஒட்டிப் பதினொரு ஏக்கர். வேல்யூவர் ரிப்போர்ட்டில் பக்கத்தில் நடந்த மூன்று விற்பனைகளை ஒப்பிட்டு விலை போட்டிருந்தார். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், இரண்டு பத்திரத்தில் விற்றவரும் வாங்கியவரும் ஒரே குழுமத்து ஆட்கள். மூன்றாவது, மெயின் ரோட்டில் அரை கிரவுண்டுக் கடை மனை. அதன் சதுர அடி விலையைப் பதினொரு ஏக்கருக்கும் அப்படியே பெருக்கியிருந்தார். சரி, நேரில் போய்விடலாம் என்று கிளம்பினோம். நிலத்தின் நட்டநடுவில் ஹை டென்ஷன் லைன் போகிறது. அதற்குக் கீழே கட்டடம் எழுப்ப முடியாது. சாலையிலிருந்து உள்ளே இறங்க இருந்த ஒரே வண்டிப்பாதை பக்கத்து நிலத்துக்காரர் பட்டாவில் இருந்தது. ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்த நான்கு போட்டோவிலும் டவர் தெரியாத கோணமாகப் பார்த்து எடுத்திருந்தார்கள்! கடைசியில் குறிப்பில் ஏறிய தொகை முதலில் சொன்னதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அடக்க விலைக் கணக்கு என்பதால் அந்த வருட லாபத்தில் ஒரு பைசா மாறவில்லை. ஆனால் பேங்க் அதுவரை முதல் தொகையை வைத்துத்தான் கடன் பேசிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி ஆட்டத்துக்கு இப்போது கொஞ்சம் கடிவாளம் இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 247ஆம் பிரிவின்படி பதிவுபெற்ற வேல்யூவர்கள் என்று ஒரு பிரிவினர் 2017 முதல் வந்துவிட்டார்கள். முதலீட்டுச் சொத்தின் ஃபேர் வேல்யூவை அப்படிப் பதிவுபெற்றவர் கணித்தாரா இல்லையா என்பதை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்று 2021இல் மூன்றாம் அட்டவணையைத் திருத்தினார்கள். கம்பெனி பெயரில் பத்திரம் இல்லாத சொத்துகளின் பட்டியலையும் போட வேண்டும் என்பது அதே திருத்தம். ஸ்லைடில் இருக்கும் 410க்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் பொருந்துமா என்றால், ஸ்லைடு தணிக்கை செய்த ஆவணம் இல்லை.

இப்போது கடனுக்கு வருவோம். கடனையும் ஃபேர் வேல்யூவில் போட்டால் 410 கூடுமா? கணக்குப்படி கூடலாம். நம் உதாரணத்தில் அந்த 90 கோடி 8 சதவீத நிலையான வட்டியில் வாங்கிய கடன் பத்திரம், இன்னும் ஐந்து வருடம் பாக்கி, அசல் கடைசியில் மொத்தமாக என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் வருடத்துக்கு 7.2 கோடி. இன்று அதே கம்பெனி புதிதாகக் கடன் கேட்டால் 10 சதவீதம் என்கிறார்கள். அப்படியானால் பழைய 8 சதவீதக் கடனின் இன்றைய மதிப்பு 83.2 கோடிதான். சொத்து 150, கடன் 83.2, மீதி 66.8. பங்குதாரருக்கு 6.8 கோடி கூடிவிட்டது போல இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். கடன் வட்டி 8இலிருந்து 10க்குப் போன ஊரில், கட்டடத்தின் கேப் ரேட் மட்டும் 8இலேயே அசையாமல் நிற்குமா? அது 8.5க்கு நகர்ந்தாலே கட்டடம் 141.2 ஆகிவிடுகிறது. அதிலிருந்து 83.2 போனால் மிச்சம் 58. ஆரம்பத்தில் இருந்த 60ஐவிடக் குறைவு. கடனில் கிடைத்த லாபத்தைக் கட்டடம் முழுசாக விழுங்கி, மேலும் 2 கோடி கேட்கிறது. கடனை இன்றைய வட்டியை வைத்து இன்றைய மதிப்புக்குக் குறைத்துவிட்டு, கட்டடத்தைப் பழைய கேப் ரேட்டிலேயே விட்டுவைத்த கணக்கை யாராவது காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளின் வட்டியில் அளக்க வேண்டும். அதைச் செய்ய மனமில்லாவிட்டால் இரண்டையுமே அடக்கத்தில் விட்டுவிடுவது நேர்மை.

நடைமுறையில் நம் ஊர்க் கம்பெனிகளுக்கு இந்த விவகாரம் பெரிதாக வருவதில்லை. வாடகையை அடமானம் வைத்து வாங்கும் பேங்க் கடன்கள் பெரும்பாலும் மிதக்கும் வட்டி. சந்தை வட்டி மாறினால் கடன் வட்டியும் கூடவே மாறிவிடும். அதனால் புத்தகத் தொகையும் ஃபேர் வேல்யூவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நிலையான வட்டிக் கடன் பத்திரங்கள் நிறைய வெளியிட்ட கம்பெனி என்றால் மட்டும் வித்தியாசம் தெரியும். பேலன்ஸ் ஷீட்டில் எப்படியும் அது ஏறாது. இண்ட் ஏஎஸ் 109 கடனை வழக்கமாக, வாங்கியபோது நிலவிய வட்டியை வைத்து வருடா வருடம் சரிசெய்த தொகையில்தான் வைக்கச் சொல்கிறது. ஃபேர் வேல்யூவுக்குப் போக வேண்டுமானால் கடன் வாங்கிய அன்றே அதற்கான நிபந்தனைகளைக் காட்டித் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நடுவில் மாற முடியாது.

அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. மேலே கடன் வட்டி 10 ஆனது ஊர் வட்டி ஏறியதால் என்று வைத்தோம். கம்பெனியே ஆட்டம் கண்டு, அதனால் யாரும் 10க்குக் குறைந்து தர மறுக்கிறார்கள் என்றால்? அப்போதும் ஃபார்முலா அதே 83.2 கோடிதான் சொல்லும். கம்பெனி நொடிக்க நொடிக்கக் கடனின் மதிப்பு குறையும், குறைந்தது லாபமாகத் தெரியும். கற்பனை இல்லை. அமெரிக்காவில் 2007இல் கடனுக்கும் ஃபேர் வேல்யூவைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி வந்தது. அடுத்த வருட நெருக்கடியில் பெரிய வங்கிகள் தங்கள் சொந்தக் கடன் பத்திரங்கள் விலை சரிந்ததையே லாபமாக எழுதின. அதைப் பார்த்த பிறகுதான் சர்வதேச விதியும் நம் 109உம், கம்பெனியின் சொந்தக் கடன் தகுதி சரிந்ததால் வரும் இந்த லாபத்தை லாப நட்டக் கணக்குக்குள் விடாமல் 'இதர விரிவான வருமானம்' என்று வெளியே தள்ளிவைத்திருக்கின்றன. எளிய சோதனை ஒன்று: பேங்க் மேனேஜரிடம் போய், "90 கோடிக் கடனின் ஃபேர் வேல்யூ 83 கோடிதான் சார், அதை வாங்கிக்கொண்டு என்.ஓ.சி. கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? சந்தையில் கைமாறும் கடன் பத்திரத்தைக் குறைந்த விலைக்குக் கம்பெனி திரும்ப வாங்கினால் மட்டும் அந்த லாபம் நிஜம். அதற்கும் கையில் காசு வேண்டும்.

கடனில் எனக்கு அதன் மதிப்பைவிட அது முதிரும் தேதி முக்கியம். இதற்கு இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அமெரிக்காவின் ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ் இருநூறுக்கும் மேற்பட்ட மால்கள் வைத்திருந்தது. அங்கே சொத்து அடக்க விலையில்தான் ஏறும். 2009 ஏப்ரல் 16 அன்று திவால் பாதுகாப்பு கேட்டபோது அது காட்டிய சொத்து சுமார் 2,950 கோடி டாலர், கடன் சுமார் 2,730 கோடி டாலர். சொத்து அதிகம், மால்களில் வாடகையும் வந்துகொண்டிருந்தது. ஆனால் கடன்கள் முதிர்ந்த நேரத்தில், அடமானக் கடன் பத்திரச் சந்தையே மூடிக் கிடந்தது. புதுப்பிக்க ஆள் இல்லை. நீதிமன்றத்தில் கடன் தேதிகளைத் தள்ளிப்போட்டு, 2010 நவம்பரில் கம்பெனி எழுந்து வெளியே வந்தது. பிரிட்டனின் இன்டு பிராப்பர்ட்டீஸ் இதற்கு நேர் எதிர். டிராஃபர்டு சென்டர், லேக்சைடு மாதிரி பெரிய மால்களை வைத்திருந்த கம்பெனி. அங்கே ஃபேர் வேல்யூ நேராகப் புத்தகத்தில் ஏறும். 2019 கணக்கில் மட்டும் சொத்து மதிப்பில் கிட்டத்தட்ட 200 கோடி பவுண்டு இறங்கியது. கடனோ சுமார் 450 கோடி பவுண்டு. சொத்து மதிப்பில் இத்தனை சதவீதத்துக்குமேல் கடன் போகக்கூடாது என்று கடன் ஒப்பந்தங்களில் நிபந்தனை இருந்தது. அதோடு கொரோனா வந்து வாடகையும் நின்றது. 2020 ஜூன் 26 அன்று கம்பெனி திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. முன்னதில் மதிப்பு இருந்தும் தேதி மாட்டிவிட்டது. பின்னதில் மதிப்பீடே ஒப்பந்தத்தைத் தாக்கியது. உங்கள் கம்பெனியின் கடன் ஒப்பந்தத்தில் இந்தச் சதவீத நிபந்தனை இருக்கிறதா என்பதும், அடுத்த இரண்டு வருடத்தில் எவ்வளவு அசல் முதிர்கிறது என்பதும், 410 சரியா என்பதைவிட அவசரமான கேள்விகள்.

இன்னொரு விஷயம், வரி. 410இல் சொத்தை இன்றைய விலைக்கு உயர்த்தியவர்கள், அந்த விலைக்கு விற்றால் கட்ட வேண்டிய வரியைக் கழித்தார்களா என்று பாருங்கள். நிலத்தின் நீண்டகால ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ், செஸ். இருபது வருடத்துக்கு முன் வாங்கிய நிலத்தில் பெரும்பகுதி ஆதாயம்தான் என்பதால் இது சில்லறைத் தொகை இல்லை. விற்கவே போவதில்லை, ஆகவே வரி இல்லை என்று கம்பெனி சொல்லலாம். விற்கவே போவதில்லை என்றால் 410 யார் கைக்கு வரும் என்று நீங்களும் கேட்கலாம். கம்பெனிச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, மதிப்பை உயர்த்தி எழுதியதால் வரும் கையில் வராத லாபத்திலிருந்து டிவிடெண்டு கொடுக்க முடியாது.

ரீட்களோடு, அதாவது வாடகைக் கட்டடங்களை வைத்துக்கொண்டு அவற்றில் யூனிட்டுகளைச் சந்தையில் விற்கும் அறக்கட்டளைகளோடு, ஒப்பிட்டால் இது இன்னும் புரியும். எம்பஸி 2019இலும் மைண்ட்ஸ்பேஸ் 2020இலும் பட்டியலான பிறகு நம் நாட்டில் ஃபேர் வேல்யூவை முறையாகப் பார்க்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. செபியின் 2014 விதிகளின்படி ரீட்டின் சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வருமானம் தருவதாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முழு மதிப்பீடு, நடுவில் அரையாண்டு மதிப்பீடு. ஒரே வேல்யூவர் ஒரே கட்டடத்தைத் தொடர்ந்து நான்கு வருடத்துக்குமேல் மதிப்பிடக்கூடாது. நிகரக் கடன் சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஃபேர் வேல்யூப்படியான நிகர சொத்து அறிக்கை கணக்கோடு சேர்ந்தே வரும். இவ்வளவு இருந்தும் யூனிட்டின் சந்தை விலை அறிவித்த நிகர மதிப்புக்குக் கீழே வர்த்தகமாவது உண்டு. உங்கள் கம்பெனிக்கு இந்த வேலியெல்லாம் கிடையாது. கட்டாத நிலம், குழுமத்துக்குள் கொடுத்த கடன், விற்காத ஃப்ளாட் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதனால் சந்தை 410ஐ ஒப்புக்கொள்ளாமல் 230 கொடுப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 230தான் சரி என்றும் சொல்ல மாட்டேன். சந்தை அநியாயமாகக் குறைத்துப் போட்ட கம்பெனிகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆண்டறிக்கையில் முதலீட்டுச் சொத்துக் குறிப்பை எடுங்கள். அங்கே தணிக்கையான ஃபேர் வேல்யூ இருக்கும். ஸ்லைடின் தொகையும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். அதே பக்கத்தில் வாடகை வருமானம் எவ்வளவு என்று இருக்கும். அதிலிருந்து நேரடிச் செலவைக் கழித்து ஃபேர் வேல்யூவால் வகுத்தால், அவர்கள் மனதில் வைத்திருக்கும் கேப் ரேட் சுமாராகக் கிடைத்துவிடும். காலி நிலமும் அதில் கலந்திருந்தால் விடை தாறுமாறாக வரும், அதையும் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு கடன் முதிர்வு அட்டவணை. இந்த நான்கைந்து தொகைகளையும் எடுத்து எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். கேப் ரேட்டை அரை சதவீதம் ஏற்றி இறக்கி உங்கள் 410 எங்கே போய் நிற்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.